உம்மிடம் கொண்டுவராத நான்கு கேள்விகள்

நேற்றுக் காலை மருதனார்மடச் சந்திச் சலூனில், பாதி முகத்தில் சவர நுரையோடு இருந்தபோது உம்முடைய நினைவு வந்தது. சுவரில் உயரத்தில் கொழுவியிருந்த தொலைக்காட்சியில் அமெரிக்கச் செய்தி போய்க்கொண்டிருந்தது. ஒரு பெரிய மேசை. நடுக் கதிரையில் ஓர் அரசியல் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். அவரைச் சுற்றி நின்ற போதகர்கள் தோளிலும் முதுகிலும் கைகளை வைத்துச் செபிக்கிறார்கள். இடமில்லாதவர்கள் முன்னால் நிற்பவரின் தோளில் கை வைத்திருந்தார்கள். கமராக்கள் மின்னிக்கொண்டேயிருந்தன.

சலூன்காரர் கத்தியைத் துடைத்தபடி அண்ணாந்து பார்த்தார். "மாஸ்டர், உதுகளைப் பற்றி முந்திப் பேப்பரிலை நல்லாய்க் கிழிச்சு எழுதுவியள் எல்லோ? ஏன் இப்ப எழுதிறேல்லை?"

"வயசு போச்சுது" என்றேன்.

அது பொய். நான் எழுதாமல் விட்டதற்குக் காரணம் இந்த ஊரில் முழுதாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் உம்முடைய கணவர். மற்றவர் நான். நீர் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இருக்கும்போது உமக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதை, இப்போது ஒருவரும் வாசிக்கப்போகாத இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். இதுவும் ஒருவகைக் கோழைத்தனம்தான். அதுவும் எனக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகத்தில் படித்த காலத்திலிருந்து நாங்கள் ஒருவரை ஒருவர் 'நீர்' என்றுதான் கதைத்து வந்தோம். பிறகு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை. நான் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல், நீர் ஆங்கிலம். நான் கோயில் பரிபாலன சபையில் செயலாளர். நீர் அமெரிக்காவிலிருந்து வந்த பாதிரிமார் காலத்தில் மதம் மாறிய குடும்பம். ஊரில் உம்மை 'வேதக்கார ரீச்சர்' என்பார்கள். அதில் ஒரு குத்தல் இருந்ததை நான் அந்த நாட்களில் கவனித்ததே இல்லை. கவனிக்கத் தேவையில்லாத பக்கத்தில் நான் இருந்தேன்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு வார இதழில் அமெரிக்க அரசியல் பற்றி எழுதத் தொடங்கினேன். எனக்கு வாய்த்த பொருள் மதம். பதவிக்கு வருகிறவரிடம் மதச் சோதனை எதுவும் கேட்கக் கூடாது என்று தங்கள் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருக்கிற ஒரு நாடு. அந்த நாட்டில் வாக்குக் கேட்டு வருகிறவர் எந்தச் சேர்ச்சுக்குப் போகிறவர் என்று காட்டாமல் வெல்லுவது எவ்வளவு கஷ்டம்! சத்தியப்பிரமாணத்துக்கு வேதாகமம், பேச்சின் முடிவில் ஆசீர்வாதம், காசுத்தாளிலும் கடவுள். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. வாசித்தவர்கள் சந்தியில் மறித்துக் கைகொடுத்தார்கள்.

அந்தக் கட்டுரைகளுக்குப் பாதி விசயம் தந்தது நீர். உம்முடைய அக்கா அங்கே தென்மாநிலம் ஒன்றில் இருந்தா. நீர் அவவோடு ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வந்தபோது பெட்டிக்குள் எனக்கென்று ஒரு தாள் கொண்டுவந்தீர். தேர்தலுக்கு முதல் ஞாயிறு சேர்ச்சில் கொடுத்த 'வாக்காளர் வழிகாட்டி'. இன்னாருக்கு வாக்குப் போடுங்கள் என்று அதில் ஒரு சொல் இல்லை. ஒரு அட்டவணை மட்டும். மேலே வேட்பாளர்களின் பெயர், பக்கத்தில் கேள்விகள். பள்ளிக்கூடத்தில் செபம் வேண்டுமா, கருக்கலைப்பு ஆகுமா என்று. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் 'ஆம்', 'இல்லை'.

பள்ளிக்கூடச் சபைக்கு நின்ற ஓர் இந்திய டொக்டரின் பெயருக்குக் கீழே எல்லாக் கேள்விக்கும் ஒரே வசனம் இருந்தது. பதில் தரவில்லை.

"அந்த மனிசனை ஒருத்தரும் கேக்கவேயில்லையாம்" என்றீர். "அக்காவின்ரை டொக்டர்தான் அவர். தாளைப் பாத்துப்போட்டுத் தானே சிரிச்சவராம். வேறை என்ன செய்யிறது?"

நான் அன்றே எழுதினேன். கேட்காமலே 'பதில் தரவில்லை' என்று போடுவது பொய் சொல்லாமல் பொய் சொல்லும் வித்தை என்று எழுதினேன். என் கட்டுரைகளிலேயே அதிகம் பேசப்பட்டது அதுதான். நீர் வாசித்துவிட்டு, பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னது எனக்கு அப்போது பிடிக்கவில்லை.

"நீர் அவையளைப் பாத்துச் சிரிக்கிறீர். அவையள் கெட்ட சனமில்லை. எனக்குக் காய்ச்சல் எண்டோடனை சூப் காய்ச்சிக்கொண்டு வந்தா பக்கத்து வீட்டு மனிசி. இந்தத் தாளையும் அவதான் கொண்டுவந்து தந்தவ. அதே கையாலை."

"அப்ப பிழையில்லை எண்டு சொல்லுறீரோ?"

"பிழைதான். ஆனா சிரிக்கிற பிழையில்லை. பயப்பிடுற பிழை. நல்ல சனமே செய்யுது எண்டால் ஆரும் செய்யலாம்."

அடுத்த வருடம் பிரதேச சபைத் தேர்தல் வந்தது. எங்கள் வட்டாரத்தில் நீர் சுயேச்சையாக நின்றீர். நீர் அரசியலுக்கு ஆசைப்பட்டவர் இல்லை. மாரி வந்தால் ஒழுங்கைகளில் வாரக்கணக்கில் வெள்ளம் நிற்கும். தண்ணீர் வடியக் கான் வெட்டித் தரச் சொல்லி நீர் எழுதிய கடிதங்களுக்கு ஒருவரும் மறுமொழி போடவில்லை. "இனி நானே உள்ளுக்குப் போறதுதான் வழி" என்று ஒரு நாள் கோபத்தில் சொன்னீர். அடுத்த கிழமை வேட்புமனு. சைக்கிளில் ஒவ்வொரு ஒழுங்கையாகப் போய் எங்கே எவ்வளவு வெள்ளம் நிற்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதினீர். சனத்துக்குப் பிடித்துவிட்டது. நீர் வெல்லுவீர் என்று கதை வந்தது.

அந்தக் கதைதான் பரிபாலன சபையைக் கூட்டியது. தலைவர் ஒரு நோட்டீசை எழுதிக்கொண்டு வந்திருந்தார். 'சைவ மண்ணைச் சைவரே ஆள வேண்டும்' என்று தொடங்கியது. வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். என்னுடைய தமிழுக்கு அங்கே மதிப்பு.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது இப்போது ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 'உது வேண்டாம். அவ என்ரை சிநேகிதி, நல்ல மனிசி' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

"உப்பிடி வெளிப்படையாய் எழுதினால் கேவலமாய்ப் போகும். அமெரிக்காவிலை சேர்ச்சுகள் எப்பிடிச் செய்யிறது தெரியுமோ? ஆரையும் தாக்காயினம். ஆருக்குப் போடச் சொல்லியும் சொல்லாயினம். எல்லா வேட்பாளரிட்டையும் ஒரே கேள்வியளைக் கேட்டு ஒரு அட்டவணை போடுவினம். ஒருத்தரும் பிழை பிடிக்கேலாது."

மேசையைச் சுற்றி இருந்தவர்களின் முகங்கள் மலர்ந்தன. "மாஸ்டர் மாஸ்டர்தான்" என்றார் தலைவர். ஏதோ ஒரு மோசமான காரியத்தைத் தடுத்து நாகரிகமான ஒன்றாக மாற்றிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமிதமும் இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் இருந்தது.

நான்கு கேள்விகளை நானே எழுதினேன். மதமாற்றத்தைத் தடுக்கக் குரல் கொடுப்பீர்களா? கோயில் வீதிகளைத் திருத்த முதலிடம் தருவீர்களா? சபைக் கூட்டங்கள் தேவாரத்துடன் தொடங்குவதை ஆதரிப்பீர்களா? இறைச்சிக் கடைகளுக்குப் புதிய அனுமதி கொடுப்பதை எதிர்ப்பீர்களா? மற்ற இரண்டு வேட்பாளர்களிடமும் வேறு ஆட்கள் போனார்கள். உம்மிடம் கேட்டு வருவது என் பொறுப்பு. சிநேகிதன்தானே.

அன்று பின்னேரம் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். நீர் வாசல் படலையடியில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தீர். முன் விறாந்தையில் கோப்பி தந்தீர். கொப்பியை விரித்து, கோயில் பின்வீதியில் வெள்ளம் எந்தப் பக்கத்தால் வடிய வேண்டும் என்று கீறிக் காட்டினீர். பிறகு நீராகவே கேட்டீர்.

"கோயில்காரர் என்ன சொல்லுகினம்? என்னைப் பற்றிக் கதை அடிபடுதாம். என்னட்டை நேரை வந்து கேக்கச் சொல்லும். நான் சொல்லுவன். எனக்கென்ன ஒளிக்கக் கிடக்கு?"

தாள் நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது. கையை எடுத்துப் பையடிக்குக் கொண்டுபோனேன். முதல் கேள்வி மதமாற்றம். அதை உம்முடைய வீட்டில், உம்முடைய கோப்பியைக் குடித்துக்கொண்டு, நான் எழுதியது என்று எப்படி நீட்டுவது? வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் உண்மையானதுதான். ஆனால் அது உமக்காக வந்ததல்ல. உம்முடைய கண்ணில் நான் சிறுத்துப் போய்விடுவேனே என்று எனக்காக வந்தது.

"அவையள் ஒண்டும் பெரிசாய்ச் சொல்லேல்லை" என்றேன். கோப்பியை முடித்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன்.

அடுத்த நாள் தலைவர் கேட்டார். "ரீச்சர் என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை."

அந்த வசனத்தில் ஒரு சொல்லும் பொய் இல்லை. கேள்வி கேட்கப்படாதவர் எப்படிச் சொல்லுவார்? அட்டவணையில் உம்முடைய பெயருக்குக் கீழே நான்கு கட்டங்களிலும் 'பதில் தரவில்லை' என்று போட்டார்கள். அச்சுக்குப் போக முதல் பிழைதிருத்தப் பிரதி என்னிடம்தான் வந்தது. ஒரு இடத்தில் ஒற்று விடுபட்டிருந்தது. அதைத் திருத்திக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்தவர்களுக்கு விபூதியோடு அந்தத் தாளும் கிடைத்தது. ஒருவரும் உம்மை ஒரு சொல்லும் ஏசவில்லை. 'கேள்விக்குப் பதில் சொல்லவே விருப்பமில்லையாம்' என்றுதான் கதைத்தார்கள். நீர் மிகச் சில வாக்குகளால் தோற்றீர். கலியாண வீட்டில் ஒரு பந்தியில் இருத்தக்கூடிய ஆட்கள்தான் வித்தியாசம்.

முடிவு வந்து நாலைந்து நாளில் என் வீட்டுக்கு வந்தீர். முகத்தில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. என் மனைவியோடு கதைத்துவிட்டு, போகும்போது படலையடியில் நின்று கேட்டீர்.

"அந்தத் தாளிலை நான் பதில் தரேல்லை எண்டு கிடந்தது. என்னட்டை ஒருத்தரும் கேள்வி கொண்டுவரேல்லையே. உமக்கு ஏதும் தெரியுமோ?"

"ஆரோ தவறவிட்டிட்டினம் போலை" என்றேன்.

"சரி, அப்ப நான் வாறன்" என்று சைக்கிளை எடுத்தீர்.

அதற்குப் பிறகு மூன்று வருடம். நான் வழமைபோல உம்முடைய வீட்டுக்கு வந்தேன். நீர் வழமைபோல அக்கா அனுப்பும் பத்திரிகைத் துண்டுகளை வெட்டி வைத்துத் தந்தீர். நான் அவற்றை வைத்து அமெரிக்காவில் மதம் அரசியலை எப்படிக் கெடுக்கிறது என்று தொடர்ந்து எழுதினேன். ஒரே ஒரு வித்தியாசம். என் கட்டுரைகளைப் பற்றி நீர் பிறகு ஒரு அபிப்பிராயமும் சொன்னதில்லை. வாசித்து, மடித்து, மேசையில் வைப்பீர். உமக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் மன்னித்துவிட்டீர் என்று என் வசதிக்கேற்ப மாறி மாறி நினைத்துக்கொண்டேன். பிறகு புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் வந்த நாளெல்லாம் எங்கள் இருவரைத் தவிர வேறு யாராவது அங்கே இருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே வந்தேன். யாராவது இருந்தார்கள்.

உம்முடைய செத்தவீட்டில் சேர்ச்சுக்குள் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் நன்றாகப் பேசினேன். மதத்தை நெஞ்சிலும் நியாயத்தைப் பொதுவிலும் வைத்திருந்தவர் என்று உம்மைச் சொன்னேன். சனம் அழுதது. வெளியே வந்தபோது எங்கள் பழைய மாணவி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சேர், ரீச்சருக்கு உண்மையான சிநேகிதன் எண்டால் நீங்கள்தான்."

முப்பத்தோராம் நாள் நினைவுச் செபம் முடிந்த மறுநாள் உம்முடைய வீட்டுக்குப் போனேன். உம்முடைய கணவர் குசினி வாசலில் இருந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அதிகம் கதைக்காத மனிதர். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேள்விகள், சட்டைப் பை, கோப்பி, எல்லாம். அவர் கத்தியை நிறுத்தவில்லை.

"தெரியும் மாஸ்டர். தாளைக் கண்டவுடனை அவவுக்கு விளங்கிட்டுது. தான் அமெரிக்காவிலையிருந்து கொண்டந்த சாமான்தானே."

"அப்ப ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "கேட்டவதானே. ஒருக்கால் உங்கடை படலையடியிலை. நீங்கள் வேறை ஏதோ சொன்னனீங்களாம்."

கதிரையில் இருக்கச் சொல்லி அவர் சொல்லவில்லை.

"பிறகும் என்னை ஏன் வீட்டுக்கு விட்டவ?"

"நானும் அதைத்தான் கேட்டனான். 'அவர் தானாய்ச் சொல்லுவார், பாப்பம்' எண்டவ. நீங்கள் வந்திட்டுப் போற நேரமெல்லாம் நான் அவவின்ரை முகத்தைப் பாப்பன். 'இல்லை' எண்டு தலையாட்டுவா. கடைசியாய் ஆஸ்பத்திரியிலையும் அப்பிடித்தான்."

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் உம்முடைய வேதாகமத்துக்குள் இருந்து அந்த அட்டவணைத் தாளை எடுத்து வந்தார். பின்பக்கத்தில் உம்முடைய குண்டு எழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பதில்களை எழுதி வைத்திருந்தீர். ஒருவரும் உம்மிடம் கொண்டுவராத கேள்விகளுக்கு.

'ஒருவருடைய பசியைக் காட்டி மதம் மாற்றுவது பாவம். எங்கள் ஆட்கள் செய்தாலும் எதிர்ப்பேன். விரும்பி மாறுகிறவரைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை.'

'வெள்ளம் நிற்கிற வீதிக்குத்தான் முதலிடம். வட்டாரத்தில் அதிகம் நிற்பது கோயில் பின்வீதியில். ஆகவே ஓம்.'

'தேவாரம் பாடும்போது எழும்பி நிற்பேன். எனக்குப் பாட வராது, பழகலாம்.'

'இறைச்சிக் கடை பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. கடைக்காரரையும் அயலையும் கேட்டுத்தான் சொல்லுவேன்.'

தாளைத் தரமாட்டார் என்று அவருடைய பிடியிலிருந்தே தெரிந்தது. பார்த்து எழுதிக்கொள்ள விட்டார். போகும்போது "வாறன்" என்றேன். அவர் தாளைத் திரும்ப வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான் கட்டுரை எழுதவில்லை.

அடுத்த தேர்தல் வந்தபோது பரிபாலன சபை மறுபடி கூடியது. "போனமுறை மாதிரி மாஸ்டர் ஒரு அட்டவணை போட்டுத் தருவார்" என்றார் தலைவர். நான் எழும்பி நின்று, போனமுறை நான் செய்ததைச் சொன்னேன். உம்முடைய நான்கு பதில்களையும் வாசித்தேன். வாசித்து முடிந்ததும் மேசையில் இருந்தவர்கள் ஆளையாள் பார்த்தார்கள். "முடிஞ்ச கதை மாஸ்டர். அந்த மனிசியும் போயிட்டுது. இனி அதைக் கிண்டி என்ன?" என்றார் தலைவர், கனிவாகத்தான். ஒருவர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

கோயிலுக்கு மாலை கட்டுகிற அம்மா ஒருவர் மண்டப ஓரத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். பின்வீதியில் இருப்பவர். ஒவ்வொரு மாரியும் அவருடைய அடுப்படிக்குள் வெள்ளம் வரும். கூட்டத்தில் அவர் வாய் திறந்து நான் கண்டதில்லை.

"தம்பி, அந்த ரெண்டாவதை இன்னொருக்கால் வாசியும்" என்றார்.

வாசித்தேன்.

அவர் நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். "உதை அப்பவே கொண்டந்து சொல்லியிருந்தால் என்ரை வோட்டு அவவுக்குத்தான். எங்கடை வீட்டிலை மூண்டு வோட்டு."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலாகச் சொல்லிவிட்டு அடுத்த பூவை எடுத்தார்.

நான் செயலாளர் பதவியை விட்டேன். இந்தமுறையும் அட்டவணை வந்தது. வேறு ஒருவர் எழுதினார். எழுத்துப்பிழைகள் நிறைய இருந்தன. மாரியில் பின்வீதி இன்னும் குளமாகத்தான் நிற்கிறது.

உம்முடைய பதில்கள் நான்கையும் இப்போது தாள் பார்க்காமலே சொல்லுவேன். அந்த அம்மா வீட்டு மூன்று வாக்குகளும் என்னிடம்தான் இருக்கின்றன. சைக்கிளில் போகும்போதும், சாப்பிட இருக்கும்போதும், சந்தியில் யாரும் 'வணக்கம் மாஸ்டர்' என்று கைகூப்பும்போதும் கூடவே வருகின்றன. கொண்டுபோய்ப் போடுவதற்கு எனக்கு ஒரு பெட்டி இல்லை.